தரை காயும்வரை

இனிமேல் பிள்ளையே வேண்டாம் என்று அப்பாவும் அம்மாவும் முடிவு கட்டிய பிறகு, இரண்டு அண்ணன்களுக்குப் பின்னால் சுண்டுவிரல் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்து பிறந்தவள் என்பதால் வீட்டில் அவளுக்குச் சுண்டு என்று பேர். அந்தப் பேர் அவளோடு பள்ளிக்கூடம் போனது, புகுந்த வீடு போனது, அந்தக் கல்யாணம் முறிந்த பிறகு அவள் வேலைக்குச் சேர்ந்த கண்ணாடிக் கடைக்கும் வந்துவிட்டது.

கண்ணாடி வெட்டுவதில் அவள் கை சுத்தம். அளவு வைத்து ஒரே இழுப்பில் கோடு போடுவாள். மேஜை விளிம்புக்கு நகர்த்தி ஒரு தட்டு தட்டினால், பிஸ்கட் மாதிரி 'டக்' என்று பிரியும். ஆனால் நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. சாயங்காலம் ஆனால் வலது தொடை இடுக்கில் யாரோ ஆணி அடிப்பது போல வலிக்கும். நரம்பு இழுத்திருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொள்வாள். செருப்பு சரியில்லை என்று செருப்பை மாற்றினாள். படுக்கை சரியில்லை என்று படுக்கையை மாற்றினாள். வலி மட்டும் மாறவில்லை.

ஒரு நாள் முடிதிருத்தும் கடை ஒன்றுக்காக ஆள் உயரக் கண்ணாடி ஒன்று வந்தது. அவளும் கூட வேலை பார்த்த ஆணி அண்ணனும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து வண்டியிலிருந்து இறக்கினார்கள். ஆணி என்பது அவர் ஒல்லியான உடம்புக்கும் பெரிய தலைக்கும் கடையில் வைத்த பேர். வாசற்படியில் கால் வைத்தபோது வலது கால் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. மடங்கிவிட்டது. கண்ணாடி நடைபாதை முழுக்கச் சிதறியது. யாருக்கும் வெட்டுப் படாததே பெரிய காரியம்.

முதலாளி வெளியே ஓடி வந்து முதலில் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "கண்ணாடி போனா போகுது. நீ உடைஞ்சா உன்னை எந்த அளவுக்கு வெட்டி ஒட்டறது? நாளைக்கே டாக்டர்கிட்ட போ."

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

"தொடை எலும்போட தலை பந்து மாதிரி. அது ஒரு கிண்ணத்துல உக்காரணும். உங்களுக்குக் கிண்ணம் இல்லம்மா, தட்டு. பொறந்ததுல இருந்தே அப்படித்தான். பந்து தட்டுல வழுக்கி வழுக்கி ரெண்டுமே தேய்ஞ்சு போச்சு. உங்களுக்கு வயசு இருபத்தொம்பது. இந்த இடுப்புக்கு எழுபது."

"ஊசி, மாத்திரை..."

"அந்தக் கட்டமெல்லாம் தாண்டியாச்சு. மூட்டை மாத்தணும்."

"பொறந்ததுல இருந்தேன்னா, யாருக்குமே தெரியாமலா போச்சு?"

"கைக்குழந்தையா இருந்தப்ப பாத்திருந்தா ஒரு பட்டை கட்டியே சரி பண்ணியிருக்கலாம்" என்றார் டாக்டர். அவர் வேறு எதுவும் நினைத்துச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

சுண்டு வெளியே வந்து வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அம்மா இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா பெரியண்ணன் வீட்டில் ஊன்றுகோலோடு இருக்கிறார். ஆனால் பார்க்காதவர் என்று யாரும் இல்லையே! பள்ளிக்கூடத்தில் வாத்து என்று கூப்பிட்டார்கள். கல்யாணமான புதிதில் அவள் புருஷனும் பின்னாலேயே அதே மாதிரி ஆடி ஆடி நடந்து காட்டிச் சிரிக்க வைப்பான். மாமியார் மட்டும் சிரிக்கமாட்டாள். "நடையைப் பாரு, தரைக்கு வலிக்குமேன்னு பாத்துப் பாத்து நடக்கறா" என்பாள். குனிந்து தரை துடைக்கச் சொன்னால் சுண்டு நின்றபடி துடைக்கிற நீளக் குச்சி துடைப்பத்தைத் தேடுவாள். அதற்கு அந்த வீட்டில் சோம்பேறித்தனம் என்று பேர். அவளும் அப்படித்தான் நம்பினாள். எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்கும், மற்றவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், நமக்குத்தான் உடம்பு வணங்கவில்லை என்று.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி அவளை உட்கார வைத்து, ஆபரேஷனுக்குப் பிறகு என்னென்ன கூடாது என்று விளக்கினாள். குனியக் கூடாது. தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வேண்டும். கீழே விழுந்ததை எடுக்கவே கூடாது, அது தங்கமாக இருந்தாலும் சரி. மீறினால் புது மூட்டு கழன்றுகொள்ளும்.

"வீட்ல கூட யார் இருக்காங்க?"

"ஏற்பாடு பண்ணிக்கறேன்."

"ஏற்பாடுன்னா?"

"ஆள் வருவாங்க சிஸ்டர்."

பெரியண்ணனைக் கூப்பிட்டாள். "ஐயோ, இந்த வயசுலயா?" என்று பதறினான். அப்பாவையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்றான். உண்மைதான். சின்னண்ணன் கடல் கடந்து இருந்தான். "எது வேணும்னாலும் சொல்லு" என்றான். ஆள்தான் வேண்டும் என்றாள். "அதைத் தவிர" என்று அவன் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் கேட்டது.

கடைசியில், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஓர் இடத்தில் சொல்லி ஒரு பெண்ணைப் பேசி வைத்தாள். ஆணி அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டிலின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினார். மிதியடிகளைச் சுருட்டிப் பரணில் போட்டார். கீழ் அலமாரியில் இருந்ததையெல்லாம் இடுப்பு உயரத்துக்கு மாற்றினார். கழிப்பறையில் உயரமான இருக்கை ஒன்றைப் பொருத்தினார். எல்லாம் முடிந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடே நுனிக்கால்ல நிக்கற மாதிரி இருக்கு" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அந்த ஆளனுப்பும் இடத்திலிருந்து போன் வந்தது. பேசி வைத்த பெண்ணின் மகளுக்கு உடம்பு சரியில்லையாம், வர முடியாதாம். வேறு ஆளுக்கு முயற்சி செய்கிறோம் என்றார்கள். சுண்டு பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேதியைத் தள்ளினால் மறுபடி எப்போது கிடைக்குமோ தெரியாது. தள்ளாவிட்டால், வெட்டித் தைத்த காலோடு வீட்டுக்கு வந்து யார் முகத்தில் விழிப்பது?

அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், கையில் ஒரு பெரிய பையோடு மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள் பழைய மாமியார்.

"எத்தனை படிடி இது! இடுப்பு சரியில்லாதவ மாடியில வீடு பாத்திருக்கா" என்றாள் உள்ளே வந்துகொண்டே.

விவாகரத்து ஆகி இரண்டு வருஷம். அவள் மகன் வேறு கல்யாணமும் செய்துகொண்டாயிற்று. "அத்தை... நீங்க எப்படி?"

"உன் பெரியண்ணன் கூப்பிட்டான். எனக்கு வேற நாதியில்ல, நீங்க ஒரு எட்டுப் போய்ப் பாக்க முடியுமான்னு. வெக்கம் கெட்டவன்." பையைத் தரையில் வைத்தாள். "நானும் வெக்கம் கெட்டவதான், வந்துட்டேன். என் பையன்கிட்ட சொல்லல. தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீயும் யார்கிட்டயும் வாயைத் திறக்காத."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ரோஷம் உள்ளவள் சொல்லியிருப்பாள். சுண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அத்தை" என்றாள்.

மேஜை மேல் இருந்த எக்ஸ்ரே உறையை அத்தையே எடுத்து, படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "இதுல எது கெட்டது?"

சுண்டு காட்டினாள். டாக்டர் சொன்ன கிண்ணத்தையும் தட்டையும் சொன்னாள்.

"பொறந்ததுல இருந்தேவா?"

"ஆமா அத்தை."

"அப்ப, நம்ம வீட்ல இருந்தப்பவும்?"

"ஆமா."

அத்தை படத்தை உறைக்குள் திருப்பிப் போட்டாள். அது நுழையாமல் முரண்டு பிடித்தது. பிறகு எழுந்து போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

ஆபரேஷன் அன்று முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போனது. யாரோ ஒரு காலைத் தூக்கிக்கொண்டு போவது தெரிந்தது. அது தன் கால்தான் என்று புரிய நேரமாயிற்று. தூக்கத்துக்கும் மருந்து கொடுத்திருந்தார்கள். ஆனாலும் நடுவில் ஒரு தடவை விழிப்பு வந்தது. வலி இல்லை. சத்தம் மட்டும் கேட்டது. தச்சுப் பட்டறை மாதிரி சுத்தியல் சத்தம். ஒவ்வோர் அடிக்கும் அவள் தலை தலையணையில் குலுங்கியது. ஏதோ ஒரு வீட்டில் கதவு மாட்டுகிறார்கள் என்று நினைத்தாள். அந்தக் கதவு தான்தான் என்று தெரிந்தபோது கத்த வேண்டும் போல இருந்தது. நாக்கு எழவில்லை. "தூங்குங்கம்மா" என்றது ஒரு குரல். தூங்குவதைத் தவிர அவளால் ஆகக்கூடியதும் வேறொன்றும் இல்லை.

மறுநாளே எழுப்பி நிறுத்தினார்கள். நாலு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு உலகம் சாய்ந்தது. "அடுத்த காலை வைங்க" என்றான் பயிற்சி கொடுக்க வந்த பையன் போன்ற பிசியோதெரபிஸ்ட். எந்தக் கால் அடுத்த கால் என்றே அவளுக்குத் தெரியவில்லை. இருபத்தொன்பது வருஷம் நடந்த நடையெல்லாம் எங்கே போயிற்றோ!

"ஏன் தம்பி, நேத்து வெட்டினதை இன்னைக்கே நடன்னா எப்படி?" என்று அத்தை சண்டைக்குப் போனாள்.

"நடந்தாதாம்மா நல்லது."

"அப்ப நீ கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லு. அது உன் மூஞ்சியைப் பாத்துதான் பயப்படுது."

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான கஷ்டம் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு வெட்கம் இல்லை, அங்கே எல்லாரும் ஒரே மாதிரி பச்சை அங்கி. வீட்டில் சொந்த நைட்டியும் சொந்தக் கழிப்பறையும் இருந்தன. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய மாமியார் தோளைப் பிடித்தபடி உட்கார வேண்டியிருந்தது. முதல் நாள் சுண்டு அழுதேவிட்டாள்.

"என்னத்துக்குடி அழுவற?"

"நீங்க பாக்காதீங்க."

"நான் சுவத்தைத்தான் பாத்துட்டு இருக்கேன். பல்லி ஒண்ணு ரொம்ப நேரமா என்னையே பாக்குது. முடிஞ்சா சொல்லு."

காலையில் கெண்டைக்காலை இறுக்கும் நீள உறையை அத்தைதான் மாட்டிவிட வேண்டும். ரத்தம் கட்டாமல் இருக்க டாக்டர் சொன்னது. ஒரு கையால் குதிகாலைத் தாங்கி, மறு கையால் இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் படும் பாட்டைப் பார்த்தால், மலைப்பாம்புக்குச் சட்டை போடுகிற மாதிரி இருக்கும். வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசிக்கு மட்டும் அத்தை கிட்டே வரமாட்டாள். அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டு, "போட்டாச்சா? போட்டாச்சா?" என்று கேட்பாள்.

பாசமாக ஒரு வார்த்தை வந்ததாகச் சொல்ல முடியாது. டீ ஆறினால் திட்டு, மாத்திரை மறந்தால் திட்டு. "படுத்தே இருந்தா உடம்பு ஊறிடும், எந்திரி" என்பாள். எழுந்தால், "யாரைக் கேட்டு எந்திரிச்ச?" என்பாள். சுண்டுவால் எதிர்த்துப் பேச முடியவில்லை. பேசிவிட்டு எங்கே போவது? கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கக்கூட இடுப்பு விடாது. கோபத்தையும் மல்லாந்து படுத்தேதான் பட வேண்டும். கையிலிருந்து ஒரு மாத்திரை கீழே விழுந்தால், அது கட்டிலுக்கு அடியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே, "அத்தை..." என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. கம்மிப்போய், குழைந்து, யாசகம் கேட்கிற குரல்.

தையல் பிரித்த பிறகு கொஞ்சம் தெம்பு வந்தது. வாக்கரோடு அடுக்களை வரை போய் வந்தாள். அத்தையும் தைரியமாக அவளைத் தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போக ஆரம்பித்தாள். அப்படிப் போன ஒரு முற்பகலில், அடுக்களை மேடையில் அத்தை மறந்து வைத்துவிட்டுப் போன போன் அடித்தது.

சுண்டு கண்டுகொள்ளாமல் இருந்தாள். நின்றது. உடனே மறுபடி அடித்தது. நின்றது, அடித்தது. இப்படி விடாமல் அடிக்கிற போன் நல்ல சேதிக்கு அடிக்காது. வாக்கரை இழுத்து, கட்டிலிலிருந்து இறங்கி, நகர்ந்து நகர்ந்து அவள் போய்ச் சேர்ந்தபோது அது அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் அவளுடைய பழைய புருஷன் படம். மீசையை எடுத்திருந்தான். அம்மாதான் எடுத்திருக்கிறாள் என்று நினைத்து, எடுத்த உடனே அவன் பேச ஆரம்பித்துவிட்டான்.

"அம்மா, எங்கம்மா இருக்க? சித்தி வீட்டுக்குப் பேசினா நீ அங்க வரவே இல்லைங்கறாங்க. அம்மா, இவளுக்கு ரத்தம் படுது. ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன். குழந்தை தங்கறது கஷ்டம்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியலம்மா. நீ வா."

சுண்டுவுக்கு அவனுடைய புது மனைவி கர்ப்பம் என்பதே அப்போதுதான் தெரியும். அத்தை சொல்லவில்லை.

"அம்மா?"

"அத்தை கடைக்குப் போயிருக்காங்க" என்றாள்.

"நீயா?" என்றான். எதுவும் கேட்கவில்லை. கேட்க அவனுக்கு நேரம் இல்லை. "வந்ததும் உடனே கூப்பிடச் சொல்லு. தயவு செஞ்சு சொல்லிடு" என்று வைத்துவிட்டான்.

போனை இருந்த இடத்திலேயே வைத்தாள். வாக்கரைத் திருப்பிக் கட்டிலுக்கு நகர்ந்தாள்.

அத்தை வந்தாள். வியர்க்க விறுவிறுக்கப் பையை இறக்கி வைத்தாள். "வெயிலு கொளுத்துது. வா, உனக்கு இன்னைக்குத் தலை குளிப்பாட்டி விட்டுடறேன். எத்தனை நாளாச்சு, கிட்ட வந்தா எண்ணெய்ச் செக்கு மாதிரி நாறுற" என்றாள்.

சொல்லியிருக்க வேண்டியது அந்த இடத்தில்தான். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் அவள் அந்த நிமிஷமே கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகு இந்தத் தலையை யார் குளிப்பாட்டுவார்கள்? நாளைக் காலையில் காலுறையை யார் மாட்டுவார்கள்? கட்டிலுக்கு அடியில் விழுந்ததை யார் எடுப்பார்கள்? தலை மட்டும் குளித்துக்கொள்ளலாம், குளித்ததும் சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு. கெட்ட நினைப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும், "சரி அத்தை" என்றாள்.

குளியலறை சின்னது, உயரமான நாற்காலி அதில் நுழையாது. அதனால் அறையிலேயே ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு, பின்னால் ஸ்டூலில் ஒரு அகலப் பாத்திரத்தை வைத்து, தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னாள் அத்தை. வெதுவெதுப்பான தண்ணீர் முதலில் நெற்றியில் பட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் உடம்பை ஒருவர் வலிக்காமல் தொட்டது அதுதான் முதல் தடவை. அத்தையின் விரல்கள் முரட்டு விரல்கள். ஆனால் காதுக்குப் பின்னால் வந்தபோது மெதுவாகின. நுரை கண்ணில் இறங்காமல் புருவத்துக்கு மேலே உள்ளங்கையால் அணை கட்டினாள். பாத்திரம் நிரம்பித் தரையெல்லாம் தண்ணீர் ஓடியது. "ஓடட்டும், அப்புறம் துடைச்சுக்கலாம்" என்றாள்.

சுண்டு கண்ணை மூடிக்கொண்டாள். சுகமாக இருந்தது. அந்தச் சுகம் போதவில்லை, இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு செம்பு என்று இருந்தது. அதே நேரம் எங்கோ ஒரு கட்டிலில் கால்களை உயர்த்தி வைத்துப் படுத்திருக்கும் ஒரு பெண், முகம் தெரியாத பெண், கண்ணுக்குள் வந்து வந்து போனாள். அவளும் இப்போது குனியக் கூடாது, எழக் கூடாது.

"அத்தை."

"என்ன, கண்ணெரியுதா?"

"உங்களுக்குப் போன் வந்துச்சு. அவருக்கு... அவங்களுக்கு ரத்தம் படுதாம். ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. உடனே வரச் சொன்னார்."

தலைமேல் இருந்த கை நின்றது.

"எப்ப வந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். "நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

அத்தை மிச்சமிருந்த நுரைமேல் செம்புத் தண்ணீரை ஊற்றினாள். ஊற்றியது தெரியாமல் ஊற்றினாள், பாதி கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. துண்டை அவள் தலையில் போட்டுவிட்டு போனைத் தேடி ஓடினாள். அடுக்களையிலிருந்து, "வர்றேன்டா. வர்றேன். அழாத. நான் வர்றேன்ல" என்ற குரல் கேட்டது. பிறகு அலமாரி திறக்கும் சத்தம். பையில் துணிகளைத் திணிக்கும் சத்தம். நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றபோது செருப்பு மாட்டியிருந்தாள்.

"மத்தியானத்துக்கு மேடை மேல கஞ்சி இருக்கு. தண்ணி எடுத்து வெச்சிருக்கேன். மாத்திரையை மறக்காத." அவள் சுண்டுவின் முகத்தைப் பார்க்காமல், வாக்கரைப் பார்த்துச் சொன்னாள்.

"அத்தை, நான்..."

"கதவைச் சும்மா சாத்திட்டுப் போறேன். உன்னால வந்து திறக்க முடியாது."

படிகளில் அவள் இறங்குவது கேட்டது. ஏறும்போது அத்தனை மூச்சு வாங்கியவள், இறங்கும்போது ஓடினாள்.

அத்தனையும் ஓய்ந்த பிறகுதான் சுண்டு தரையைப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து கட்டில் வரை, இந்தப் பக்கம் அடுக்களை வாசல் வரை ஒரே சோப்புத் தண்ணீர். ஈரத்தில் வாக்கர் வழுக்கும். வழுக்கினால் மூட்டு கழலும். துடைக்கக் குனியக் கூடாது. குச்சி துடைப்பம் கதவுக்குப் பின்னால் இருந்தது, தண்ணீருக்கு அந்தக் கரையில். அவளுடைய போன் கட்டில் மேல் கிடந்தது. ஓர் ஆள் நாலெட்டில் தாண்டிவிடக்கூடிய அறை அது.

அவள் உட்கார்ந்திருந்தாள். துண்டு நழுவித் தோளில் விழுந்தது. முடியிலிருந்து சொட்டுச் சொட்டாக நைட்டியில் இறங்கியது. ஜன்னல் வழியாக விழுந்த வெயில் தரையில் ஒரு மூலையைக் காயவைத்தது, பிறகு நகர்ந்து இன்னொரு மூலைக்குப் போனது. நடுவில் இருந்த பெரிய தேக்கத்தைத் தொடவே இல்லை. கஞ்சி மேடை மேல் ஆடை கட்டியது. அவசரம் வந்தபோது அடக்கிப் பார்த்தாள், பிறகு அடக்க முடியவில்லை. அதுவும் தரையில் இருந்த தண்ணீரோடு சேர்ந்துகொண்டது. அப்போது அவள் அழவில்லை. தனக்கு இது வேண்டியதுதான் என்றும் தோன்றியது. இதற்கு மேல் என்னை என்ன செய்ய முடியும் என்றும் தோன்றியது. கட்டில் மேல் போன் ஒரு தடவை அடித்தது. குழந்தை தங்கியதா போயிற்றா என்று சொல்ல அத்தைதான் கூப்பிடுகிறாளோ என்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள். திரை தெரியவில்லை.

சாயங்காலம் கடை சாத்திவிட்டு எப்போதும்போல எட்டிப் பார்க்க வந்த ஆணி அண்ணன்தான் கதவைத் தள்ளினார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணே, உள்ள வராதீங்க. நான்... தரை நல்லா இல்ல."

அவர் ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, துடைப்பத்தை எடுத்து மூலையிலிருந்து ஆரம்பித்தார். "நம்ம கடையில ஆசிட் கொட்டினப்ப பாத்தியே, அதைவிடவா" என்றார். துடைத்து முடித்து, மாற்றுத் துணியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் கூப்பிடும் வரை வெளியே படியில் நின்றார். பிறகு நனைந்த காலுறையைக் கழற்றி வேறொன்றை மாட்ட முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே முயற்சி செய்து, முதலில் உள்புறம் வெளியாக, பிறகு கால் மாற்றி, மூன்றாவது தடவைதான் சரியாக மாட்டினார். இருவரும் அதற்குச் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே அவளுக்கு விம்மலாகிவிட்டது. ஆணி அண்ணன், "கஞ்சியைச் சூடு பண்றேன்" என்று எழுந்து போனார்.

போனில் கூப்பிட்டிருந்தது பெரியண்ணன். நலமா என்று கேட்க.

அத்தை கூப்பிட்டபோது ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள், எங்கோ ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து.

"தங்கிடுச்சு. ஆனா பிரசவம் வரைக்கும் அவ படுத்தேதான் கிடக்கணுமாம். அங்க ஒருத்தி படுத்திருக்கா, இங்க ஒருத்தி படுத்திருக்கா. எனக்குக் கடவுள் குடுத்தது ரெண்டே கை."

"நான் எந்திரிச்சு நடக்கறேன் அத்தை. நீங்க அங்கயே இருங்க." பிறகு, தைரியம் வந்து, "அன்னைக்கு நான் உடனே சொல்லியிருக்கணும்" என்றாள்.

பின்னால் யாரோ தள்ளுவண்டி தள்ளும் சத்தம் கேட்டது.

"சொல்லியிருக்கணும்தான்" என்றாள் அத்தை. "அவன் கூப்பிடறான், வெக்கறேன்."

அது மன்னிப்பா இல்லையா என்று சுண்டு பலநாள் யோசித்தாள். யோசிக்க நேரம் நிறைய இருந்தது. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது, கைத்தடி போய் வெறும் கால் வந்தது. நடை நேரானது. கடைக்கு வந்த முதல் நாள் முதலாளி தூரத்திலிருந்து அவளை யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்து, "வாங்கம்மா" என்றார். இன்னொரு பக்கத்து இடுப்பும் அதே தட்டுதான், சில வருஷம் ஓடும், பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிரசவ மாதம் கடந்துவிட்டது என்று கணக்குப் போட்டு, ஒரு நாள் கடையிலிருந்தே அத்தைக்குப் போன் செய்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் அத்தை. பின்னால் ஒரு குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. "யாரும்மா போன்ல?" என்று அவன் கேட்பதும் கேட்டது.

"கண்ணாடிக் கடையில இருந்து" என்று அத்தை அவனிடம் சொன்னாள். பிறகு போனில், ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஆமாங்க, நான்தான் கேட்டிருந்தேன். எப்படி இருக்கு? நேரா நிக்குதா?"

சுண்டுவுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

"நிக்குதுங்க" என்றாள்.

"ஒரு பக்கம் சாயலயே?"

"இல்லைங்க."

"அது போதும். இப்ப வந்து பாக்க முடியாது. வீட்ல கைக்குழந்தை இருக்கு. ஆம்பளப் பிள்ளை." கொஞ்சம் நிறுத்தினாள். "எப்ப வர முடியும்னு சொல்றதுக்கில்லைங்க."

"பரவாயில்லைங்க" என்றாள் சுண்டு.

குழந்தை இன்னும் உரக்க அழுதது. போன் வைக்கப்பட்டது. வாசலில் ஒருவர் ஜன்னல் அளவை ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து காத்திருந்தார். சுண்டு கயிற்றை வாங்கி மேஜைமேல் நீட்டிப் பிடித்தாள். இரண்டு தடவை அளந்தும் இரண்டு அளவு வந்தது. ஆணி அண்ணன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.